மருமகன் காலில் போட்ட சூடு

தாடிக்கொம்புக்கு இந்தப் பக்கம், குடகனாற்றை ஒட்டின ஊரில் தங்கமுத்து என்றால் மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பந்தய மாடு பழக்குகிறவர். அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு சோடி உழவு மாடும் அரை ஏக்கர் கத்தரித் தோட்டமும்தான். ஆனால் திண்டுக்கல் டவுனிலிருந்து அய்யலூர் வரைக்கும் எந்த வீட்டுப் பந்தய மாடு கால் தாங்கி நடந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது அவரைத்தான். வந்தவர் யாரோடும் பேசமாட்டார். மாட்டின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். குளம்பிலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். "இங்ஙனதான் சூடு ஓடுது. ஒரு மாசத்துக்கு நுகத்தடியைக் கண்ணுல காட்டாதீக" என்பார். அவர் ஒரு மாசம் என்றால் ஒரு மாசம்தான். அதை மீறி மாட்டைப் பூட்டினவன் கிடையாது.

அவர் கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி, கருப்பம்மாள். அகரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. கிணறு வெட்டுகிற இடத்தில் மண் சரிந்து அவள் புருசன் போய்ச் சேர்ந்தபோது மகன் ராமருக்கு ஆறு வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தங்கமுத்து வண்டியைக் கட்டிக்கொண்டு போய்த் தங்கச்சியையும் மருமகனையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அவர் சம்சாரம் சுந்தரம்மாள் முகம் சுளிக்கவில்லை. செத்துப்போனவர் அவளுக்குச் சின்னையா மகன், அண்ணன் முறை. அந்தப் பிள்ளைக்கு அவள் அத்தை. அதுவும் போக, அவர்களுக்குக் குழந்தை குட்டி இல்லை. ஆக ஒரு வீட்டில் மூன்று பெரியவர்கள், ஒரே பிள்ளை.

ராமர் டவுனில் ஹைஸ்கூலில் படித்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, தாயார் கொடுக்கிற கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் புறப்பட்டால் நடந்து போய்ச் சேர முடியாது. அதனால் ஓடுவான். புத்தகத்தைத் துணியில் கட்டி முதுகில் முடிந்துகொண்டு ஓடுவான். சாயங்காலம் அதே போலத் திரும்பி வருவான். நாலைந்து வருசம் இப்படி ஓடினதில் அவன் ஓட்டம் தண்ணி ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் யாரும் அதை ஒரு விசயமாகப் பார்க்கவில்லை.

பார்த்தவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பவுல்ராஜ். முப்பது வயசு இருக்கும். மெட்ராஸில் தேகப்பயிற்சிக் காலேஜில் படித்துவிட்டு வந்தவர், வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவர். ஐம்பத்தேழாம் வருசம் ஆவணி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு தங்கமுத்து வீட்டுக்கு வந்து நின்றார். தங்கமுத்து பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ராமரோட மாமாவா?"

"ஆமா. பய என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலைங்க. ஓடுறான்."

"ஓடத்தான செய்வான். நடந்தா நீங்க மணியடிச்சிருவீகளே."

மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு விசயத்தைச் சொன்னார். தை மாசக் கடைசியில் மதுரையில் ஜில்லாப் பந்தயம் நடக்கும். ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பையனை மதுரையில் ஒரு நூல் மில்லுக்காரர்கள் வேலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். ராமருக்கு அந்த மூச்சு இருக்கிறது, முறையாகப் பழக்கினால் வருவான். "எலும்பு முத்தாத வயசுங்க. ஒரு நாள் கூட ஓடினா மறுநாள் குறைச்சு ஓடணும். வாரத்துல ஒரு நாள் ஓட்டமே கூடாது. ஓடும்போது கால் பலப்படாது, ஓடிட்டு ஓஞ்சு கிடக்கும்போதுதான் பலப்படும். நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி செய்யணும். காலையில அவனை உங்க வண்டியில பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி விடுங்க. சாயங்காலம் நான் பார்த்துக்கிறேன்."

கதவோரம் நின்ற கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். தங்கமுத்து தலையை ஆட்டினார். சைக்கிள் தெருமுனை திரும்பின பிறகு சுந்தரம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "ஓடாம இருக்கச் சொல்லித் தர்றதுக்கு ஒரு வாத்தியாராம். அதுக்கு மெட்ராஸ் போய்ப் படிச்சிட்டு வந்திருக்காரு."

அவர் மனசில் தைத்தது வேறு. ஓட்டத்துக்கு என்று ஜில்லாவே தன்னைத் தேடி வரும்போது, தன் வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் சொல்லித்தர வெளியாள் ஒருவன் சைக்கிளில் வருவதா?

ஒரு நாள் டவுனுக்குப் போன இடத்தில் பள்ளிக்கூட மைதானத்தை எட்டிப் பார்த்தார். பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். ராமர் மைதானத்தைச் சுற்றி மெள்ள ஓடினான், பிறகு நடந்தான், பிறகு உட்கார்ந்து காலை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தான். அப்புறம் மாஸ்டர் "போதும், வீட்டுக்குப் போ" என்றுவிட்டார். தங்கமுத்து அங்கிருந்து நேரே பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருந்த கிதர் முகம்மது ராவுத்தரிடம் போனார். ராவுத்தருடைய பந்தய மாடுகளைப் பழக்குகிறவர் இவர்தான். இரண்டு பேருக்கும் பதினைந்து வருசப் பழக்கம்.

"மைதானத்துல பிள்ளைகளைத் தூங்கப் போட்டிருக்காரு ராவுத்தரே. தொட்டில் ஒண்ணுதான் கட்டலை."

"படிச்ச மனுசன், காரணம் இல்லாமயா செய்வாரு" என்றார் ராவுத்தர்.

"மாட்டை இப்பிடிப் பழக்குனா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தார் தங்கமுத்து. அவர் சொன்னது நிசமில்லை. அவரே மாட்டுக்கு ஒரு நாள் ஓட்டம் கொடுத்தால் இரண்டு நாள் ஆற்றில் நீந்தவிட்டு, மணலில் படுக்கப் போடுவார். அது அப்போது அவர் நினைப்பில் வரவில்லை.

மறுநாள் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு ராமரை எழுப்பினார். இரண்டு சின்னத் துணிப்பையில் ஆற்று மணலை நிரப்பி, பையனின் இரண்டு கெண்டைக்காலிலும் கட்டினார். பந்தய வண்டியைப் பூட்டிக் கரூர் ரோட்டில் ஏற்றினார். "வண்டிக்குப் பின்னால வா மாப்ளே. சக்கரத்தை விட்டு நாலு முழம் பிந்தக்கூடாது." மண்பாதையிலேயே ஓடிப் பழகின கால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கல்லும் தாருமான ரோட்டில் ஓடியது. போக நாலு மைல், வர நாலு மைல். திரும்பி வரும்போது பையன் வாய் உலர்ந்து தண்ணி கேட்டான். மூச்சு கெடும் என்று கொடுக்கவில்லை.

"சாயங்காலம் வாத்தியாரு ஓடச் சொல்வாரே மாமா?"

"ஓடு. அவரு சொல்றதையும் ஓடு."

"காலையில ஓடுனியான்னு கேட்டா?"

"வண்டியில வந்தேன்னு சொல்லு. அவருகிட்ட மூச்சு விடாத. செயிச்சிட்டு வந்து சொல்லிக்கலாம், யாரு பழக்குனதுன்னு."

ராமர் தலையாட்டினான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை. தகப்பன் இல்லாமல் மாமன் வீட்டில் வளர்கிற பிள்ளை, மாமன் வாயிலிருந்து வருகிறதை எதிர்த்து ஒரு சொல் பேசினது கிடையாது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று நாலு மாசம் காலையில் ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். வாரத்தில் ஒரு நாள் மாஸ்டர் கொடுத்த லீவில் மாமன் இரண்டு மடங்கு ஓடவிட்டார். பையன் ஓட்டம் முதலில் ஏறினது. மார்கழியில் இறங்க ஆரம்பித்தது. ஏன் இறங்குகிறது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. மாமனுக்கு அது சோம்பல் என்று பட்டது.

அந்த மார்கழியில்தான் ராவுத்தர் மாட்டுக்குக் காலில் நோவு வந்தது. பொங்கலுக்கு நத்தம் ரோட்டில் பெரிய பந்தயம். ராவுத்தர் ஒரு வருசமாக அதற்குத்தான் காத்திருந்தார். பத்து நாள் இருக்கையில் மயிலைக்காளை முன்னங்காலை ஊன்றும்போது லேசாகத் தயங்கினது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. தங்கமுத்து தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டக்கூடாது."

"வீக்கமே இல்லையேப்பா" என்றார் ராவுத்தர். "ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒரு சூடு போட்டு ஓட்டிரலாம்ல?"

"சூடு போட்டா வலி மறந்து ஓடும். ஓடிட்டு நடு ரோட்டுல காலை ஒடிச்சிக்கிட்டு நிக்கும். அந்தப் பாவத்தை நான் சுமக்க மாட்டேன். ஒரு மாசம் கட்டிப் போடுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

ராவுத்தர் வேறு ஆளைப் பார்க்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவர் வண்டி ஓடவும் இல்லை. தங்கமுத்து மாதிரி ஒரு மனுசன் உண்டா என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

அதே பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்றைக்கு, ராமர் மாட்டுக் கொட்டத்தில் காலைத் தாங்கி நடந்ததைக் கருப்பம்மாள் பார்த்தாள்.

"அண்ணே, பிள்ளைக்குக் கால்ல என்னமோ இருக்கு. தொட்டா வெடுக்குனு இழுத்துக்கிறான்."

"வாலிபப் பயலுக்கு இதெல்லாம் ஒரு நோவா. நீ பேசாம இரு."

பள்ளிக்கூடத்தில் மாஸ்டரும் பார்த்துவிட்டார். கேட்டதற்கு முள் குத்தியது என்றான் ராமர். மாஸ்டர் குனிந்து கணுக்காலுக்கு மேலே, கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு விரலால் அழுத்தினார். பையன் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மாஸ்டர் அன்றைக்கே பந்தயப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தார். வீட்டுக்கு வந்து, "ஒரு மாசம் இவன் ஓடக்கூடாதுங்க. மதுரை போனா போகுது. கால் இருந்தா இன்னொரு பந்தயம் வரும்" என்றார்.

தங்கமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. அது பையனுக்குக் கடைசி வருசம். பரீட்சை முடிந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, பந்தயம் கிடையாது, மில்லு வேலையும் கிடையாது. மதுரைக்குப் போகிற பஸ்ஸில் யார் யாரைக் கூட்டிப் போவது என்பது வரைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. அகரத்துப் பங்காளிகள், தகப்பனில்லாத பிள்ளையை இவர் எங்கே ஆளாக்கப் போகிறார் என்று பேசினவர்கள், அவர்களுக்கும் சொல்லி விட்டிருந்தார். அவர் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தார். டிரில் மாஸ்டருக்குப் பிள்ளை மேல் ஏதோ கோபம், அதனால் பெயரை அடித்துவிட்டார் என்று சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோப்பை வரட்டும் என்று ஹெட்மாஸ்டருக்கும் ஆசை. பெயர் திரும்பப் பட்டியலில் ஏறியது.

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மத்தியானம், பெண்கள் இரண்டு பேரும் கத்தரிக்காய் பறிக்கப் போயிருந்த நேரம். தங்கமுத்து மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பியைக் கொட்டத்தில் தணலில் வைத்தார். ராமரை மர உரலின் மேல் உட்கார வைத்து, "செத்த நேரந்தான் அப்பு" என்றார். பையன் கம்பியைப் பார்த்தான். அது எதற்கான கம்பி என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ தடவை அவன்தான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தன் காலை அவனே நீட்டினான். கால் எலும்பின் மேல் நெடுக்கே ஒன்று, குறுக்கே இரண்டு. துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், "மாமா, மாட்டுக்குப் போட்டா ஒரு மாசம் கட்டிப் போடுவோமே" என்றான். எதிர்த்துக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"மாட்டுக்குப் புத்தியில்ல. நீ பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுவ."

கால் மேல் துணி சுற்றியே பையனை மதுரைக்குக் கூட்டிப் போனார். மைதானத்தில் பவுல்ராஜ் மாஸ்டர் அந்தத் துணியைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார். ராமர் மாமனைப் பார்த்தான், அவிழ்க்கவில்லை. மாஸ்டர் ஹெட்மாஸ்டரிடம் ஓடினார், இவனை ஓட விடக்கூடாது என்றார். "கூட வந்த மாமனே ஒண்ணும் சொல்லலை, உமக்கென்ன" என்று அவர் சொல்லிவிட்டார்.

நாலு சுற்று ஓட்டம். இரண்டு சுற்று வரைக்கும் ராமர்தான் முன்னால். தங்கமுத்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "எங்க வீட்டுப் பய. நான் பழக்குனது" என்று சொன்னார். மூன்றாவது சுற்றில், திருப்பத்தில், பையன் கால் உள்பக்கமாக மடங்கினது. விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். காலில் எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பக்கத்து ஆள் தங்கமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் துணியை அவிழ்த்த டாக்டர் உள்ளே பழுத்திருந்த சூட்டைப் பார்த்துவிட்டு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. படம் எடுத்துப் பார்த்தபின் சொன்னார்: "எலும்புல மயிரிழை மாதிரி கீறல் முன்னாலயே விழுந்திருக்கு. சும்மா இருந்திருந்தா தானாக் கூடியிருக்கும்." மூன்று மாசம் கட்டுப் போட்டார்கள். சூட்டுப் புண் உள்ளே இறங்கினதால் எலும்பு சரியாகக் கூடவில்லை. இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிப் போனது.

ராவுத்தர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பையன் தலையைத் தடவிக் கொடுத்தார், கருப்பம்மாளிடம் ஆறுதல் சொன்னார். திரும்பிப் போகும்போது வராந்தாவில் தங்கமுத்து கூடவே நடந்தார். காலைப் பார்த்ததிலேயே ராவுத்தர் நடந்ததை ஊகித்திருந்தார். வாசலுக்குப் போனதும் நின்று, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "என் மாட்டை ஓட்ட மாட்டேன்னு சொன்னீரே, தங்கமுத்து."

குதிரை வண்டி ஏறிப் போய்விட்டார்.

தங்கமுத்து அந்த வாசலிலேயே வெகுநேரம் நின்றார். மாட்டுக்கு வாய் இல்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்த மனுசன், பிள்ளைக்கு வாய் இருக்கிறது, வலித்தால் சொல்லும் என்று இருந்துவிட்டார். அந்த வாயை மூடிக்கொள்ளச் சொன்னதும் அவரேதான். நாலு மாசத்தில் ஒரு தடவையாவது அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் அவர் விரலே சொல்லியிருக்கும்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பினது. தகப்பனில்லாத பிள்ளையை டிரில் மாஸ்டர் கோப்பைக்காக ஓட ஓட விரட்டிக் காலை ஒடித்துவிட்டார் என்று பேசினார்கள். அதை யார் ஆரம்பித்தது என்று தெரியாது. தங்கமுத்து ஆரம்பிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. பள்ளிக்கூடக் கமிட்டி கூடினது. பெரியவர்கள் மூன்று பேர், ஹெட்மாஸ்டர், பவுல்ராஜ் மாஸ்டர். தங்கமுத்துவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மாஸ்டர் எழுந்து நின்று சொன்னார்: "நான் கொடுத்த ஓட்டத்துக்கு இந்தக் கால் ஒடியாதுங்க. எனக்குத் தெரியாம வேற யாரோ இவனை ஓட வச்சிருக்காங்க. கால்ல சூடு இருக்கு, ஆஸ்பத்திரியில பார்த்தேன். மாட்டுக்குப் போடுற சூடு."

ஹெட்மாஸ்டர் ஒரு காகிதத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ராமரைக் கேட்டு எழுதி வந்திருந்தார்கள். அடுப்படியில் வழுக்கி விழுந்தேன், கொள்ளிக்கட்டை பட்டது என்று பையன் சொல்லியிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனாகச் சொன்னது.

கமிட்டிப் பெரியவர் தங்கமுத்து பக்கம் திரும்பினார். "என்னப்பா, பையன் சொல்றது சரிதானா?"

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். மாஸ்டர் கண்ணில் கோபம் இல்லை, ஒரு எதிர்பார்ப்புத்தான் இருந்தது. தங்கமுத்து தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அதான் பய சொல்லியிருக்கானேங்கய்யா."

சொந்தமாக ஒரு பொய்கூட அவர் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கிற பிள்ளை சொன்ன பொய்யின் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பவுல்ராஜ் மாஸ்டருக்கு அங்கே வேலை இல்லை. வத்தலக்குண்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

அதன் பிறகு தங்கமுத்து பந்தய மாட்டைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் கை நடுங்குது என்றார். கொட்டத்தில் சூட்டுக்கம்பி தொங்கின இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கம்பியை ஆற்றில் எறிந்துவிட்டார். கருப்பம்மாள் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும். கத்தரித் தோட்டத்திலிருந்து வந்தபோது தணலும் தீய்ந்த வாடையும் கொட்டத்தில் இருந்தது. சோறு போடும்போது முன்போல, "இன்னும் செத்த போட்டுக்கண்ணே" என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். ஒன்பது வருசம் அவர் தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்தார்.

ராமர் மறுவருசம் பரீட்சை எழுதித் தேறினான். ராவுத்தர் சொல்லி ஒரு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். உட்கார்ந்து செய்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பான். எந்த மனுசனும் வெயிலில் நடந்தால், சேற்றில் இறங்கினால், வயலில் கால் வைத்தால் வேட்டியை மடித்துக் கட்டுவான். ராமர் கட்டமாட்டான். வாய்க்காலில் இறங்கினாலும் வேட்டி நனையவே நடப்பான். "என்னப்பா, மாப்பிள்ளை முறுக்கா" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வான். காலைப் பார்த்தால் ஊரான் கேட்பான், கேட்டால் சொல்லவேண்டி வரும், சொன்னால் மாமன் தலை குனியும். அதற்காகத்தான் மறைக்கிறான் என்று தங்கமுத்துவுக்குத் தெரியும். அந்த நனைந்த வேட்டியைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்கு எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போல இருக்கும்.

அறுபத்தாறாம் வருசம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராமர் பேச்சுவாக்கில் சொன்னான்.

"நேத்து ஒருத்தரு மகளை மைதானத்துலருந்து இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு மாமா. கண்ணுசாமின்னு வாழைக்காய் யாவாரி. பொன்னழகுன்னு அந்தப் பிள்ளை நல்லா ஓடுது. நம்ம பஸ்ஸு கூடவே ஓடும்."

"ஏன் இழுத்துட்டுப் போனாரு?" கேட்டது சுந்தரம்மாள்.

"திண்டுக்கல்லுல ஒரு பயலை நொண்டியாக்குன வாத்தியாராம்லன்னு கேட்டாராம். பவுல்ராஜ் சாருகிட்ட இப்ப நாலே நாலு பிள்ளைகதான் ஓடுதுக. அதுகளுக்கும் பெத்தவுக வேண்டாங்கிறாகளாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல அத்தை. பழனி பஸ்ஸுக்கு நேரமாச்சு, விசில் குடுத்தேன்." வெஞ்சனத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "தினமும் சாரு பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போறாரு. என்னையப் பார்த்தா, கால் எப்பிடி இருக்குன்னு கேப்பாரு. வேற எதுவும் கேக்க மாட்டாரு" என்றான்.

தங்கமுத்து கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலை ராமர் வேலைக்குப் புறப்பட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "நானும் வாரேன்" என்றார். கருப்பம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டியில் கண்ணுசாமியைக் கண்டுபிடித்து, மகள் விசயமாக ஒன்று சொல்லவேண்டும், சாயங்காலம் மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் மைதானத்தில் பவுல்ராஜ் மாஸ்டர் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. தங்கமுத்துவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணுசாமி வந்தார், கூடப் பொன்னழகும் வந்தாள். ராமர் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, சுவரோரம் நின்றான்.

தங்கமுத்து துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். கமிட்டி அறையில் இடுக்கின மாதிரியே இடுக்கிக்கொண்டது அவருக்கே தெரிந்தது. எடுத்துக் கீழே போட்டார்.

"திண்டுக்கல்லுல கால் ஒடிஞ்ச பய என் தங்கச்சி மகன். ஒடிச்சது இவரில்ல. இவரு ஓடாதன்னு சொன்னாரு. நான் காலையில வண்டிக்குப் பின்னால ஓட்டுனேன். கால்ல மண்ணு மூட்டை கட்டுனேன். வலிக்குதுன்னு தெரிஞ்சும் சூடு போட்டு ஓட்டுனேன். கமிட்டியில கேட்டப்ப வாயை மூடிக்கிட்டேன்."

கண்ணுசாமி நம்பவில்லை. "வாத்தியாரு பேசிவிடச் சொல்லிக் கூட்டியாந்த ஆளா நீரு?" என்றார்.

சுவரோரம் நின்ற ராமர் முன்னால் வந்தான். குனிந்து வேட்டி நுனியை எடுத்து முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினான். கண்ணுசாமி வீட்டிலும் மாடு உண்டு. நெடுக்கே ஒன்று, குறுக்கே இரண்டு. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாட்டுக்குப் போடுறதுய்யா இது" என்றார் கண்ணுசாமி. "பிள்ளைக்குப் போட்டுட்டு இம்புட்டு வருசமா எப்பிடிய்யா சோறு இறங்குச்சு உமக்கு?"

பொன்னழகு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி மகளிடம், "ஓடுறியா, வீட்டுக்கு வாரியா" என்று கேட்டார். அவள் மாஸ்டரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இவளுக்கு ஓட்டம் கிடையாதுங்க" என்றார் மாஸ்டர். "போன வாரம் கூட ஓடிட்டா. இன்னைக்கு நடை மட்டுந்தான். நின்னு பாருங்க."

பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் அவர்கள் பின்னால் போகுமுன் தங்கமுத்து பக்கம் வந்து நின்றார். "அன்னைக்கு அந்த ரூமுல சொல்லியிருக்கலாம்" என்றார். தங்கமுத்து கும்பிடக் கையை எடுத்தார். மாஸ்டர் அதைப் பார்க்க நிற்கவில்லை. "வெயிலா இருக்கு, அந்தப் பக்கம் நிழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகள் நடந்து முடித்து, புல்லில் படுத்துக் காலைச் சுவரில் சாத்தும் வரைக்கும் தங்கமுத்து நின்றார். ஒரு காலத்தில் தொட்டில் ஒன்றுதான் குறை என்று சிரித்தது இதைத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது ராமர் முன்னால் நடந்தான். மடித்துக் கட்டின வேட்டியை அவன் இறக்கிவிடவில்லை. கடைத்தெருவில் ஆட்கள் பார்த்தார்கள், அப்போதும் இறக்கவில்லை. தங்கமுத்து பின்னாலேயே நடந்தார். ராமர் நின்று அவருக்காகத் திரும்பினபோதெல்லாம் அந்தக் கால் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பது வருசமாக அந்தச் சூட்டை நினைக்காத நாள் இல்லை. நினைப்பில் அது விரல் நீளத்துக்கு மேல் இருந்ததில்லை. இப்போது கண்ணால் பார்க்கும்போது கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பாதி தூரம் வரைக்கும் இருந்தது.